வேத்தூர்க்காரன் கை

இல்லங்க, மொதல்ல இதச் சொல்லிருங்க. நீங்க இந்தக் கோயில் பங்கச் சேந்தவரு இல்லையே? சத்தியமா? பொறந்தது ஸ்காட்லாந்தா... சரி, பொண்டாட்டி எந்த ஊரு? அதுவும் அங்கதானா. இந்தப் பக்கம் எங்கயாச்சும் வருசக்கணக்கா கூலிக்கு இருந்திருக்கீங்களா? இல்ல. ஊசி நூலு ரிப்பன் விக்கிறதுக்கு வழியோட போறவரு, அவ்வளவுதான். அப்பாடா! கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு. அந்தப் பொட்டிய இப்பிடி ஈரம் படாம வைங்க. ரொம்ப நேரம் புடிச்சு வைக்க மாட்டேன்.

கிறுக்கன்னு நெனைக்காதீங்க. அந்தா, கல்லறைத் தோட்டத்தச் சுத்தி ஓடுதே செவுரு, ஒரே செவுரு மாதிரிதான தெரியுது? இல்லங்க. அஞ்சு ஊருக்குச் சேத்து இந்த ஒரு கோயில்தான், அதனால செவுரும் அஞ்சு துண்டு. வாசல்லருந்து அந்தக் கறுத்த மரம் வரைக்கும் ஓவர்பி ஊர்க்காரன் பாக்கணும். அங்கேர்ந்து மூலை வரைக்கும் பிரையர்லி. ஓடைக்கு அந்தாண்ட இருக்கற ரெண்டு ஊருக்கும் வடக்குப் பக்கம். இந்தா, இடிஞ்சு வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்குதே, இது எங்க ஊரு, ஹாலின்ஷா.

எங்க ஊருன்னா எத்தன பேரா? நான்தாங்க. சிரிங்க, பரவால்ல. எங்கப்பா காலத்துல பதினாலு வீட்டுல பொகை வந்துச்சு. பண்ணைக்காரரு நெலத்தையெல்லாம் வளைச்சு வேலி போட்டு ஆட்ட விட்டுட்டாரு. கம்பளிக்கு வெலை இருக்கு, மனுசனுக்கு எங்க இருக்கு? ஒவ்வொருத்தனா மூட்டையக் கட்டிட்டான். இப்ப ஊருக்காவல் நான், ரோட்டுக் குழிய அடைக்கறவன் நான், ஏழைக்குப் படி அளக்கறவன் நான், அந்த ஏழையும் நானேதான். என்னயப் புடிச்சு அடைக்கணும்னாலும் நான்தான் வரணும். ஊரு கொறஞ்சுச்சே தவிர செவுரு ஒரு சாண் கொறையலீங்க. பதினாலு வீட்டுச் சொமை என் ஒருத்தன் தலையில.

மத்தவங்க கை குடுக்க மாட்டாங்களாவா? அட, போங்க. நல்லவங்கதான், கொறை சொல்ல மாட்டேன். காலைலருந்து ஒருத்தி ரொட்டி குடுத்தா, ஒருத்தன் பீர் ஊத்திக் குடுத்தான், இன்னொருத்தன் என் முதுகத் தட்டிட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டே போறான். ஆனா ஒரு கல்லத் தொட மாட்டான். தொட்டா போச்சு! அடுத்த ஊரு செவுத்துல ஒரு தடவ கை வச்சா அது வழக்கமாயிரும். வழக்கமாயிருச்சுன்னா கடமை. பேரன் பேத்தி காலம் வரைக்கும் அவன் ஊருதான் அத நிமித்தணும். பிரையர்லிக்காரன் ஒருத்தன் எப்பவோ பாவம் பாத்து ஓடைப் பாலத்துல ஒத்தப் பலகை அடிச்சானாம். இன்னைக்கும் அந்தப் பாலம் பிரையர்லி தலையிலதான். அவன் செத்து மண்ணாப் போயும் திட்டு ஓயல. ஒங்களுக்குத்தான் இங்க ஊரே இல்லையே, ஒங்க கை பட்டா யாரு தலையிலயும் விழாது.

வாசல்ல தொப்பியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரு என் மச்சான் ஆம்ப்ரோஸ். ஓவர்பிக்காரரு. கன்னுக்குட்டிய ஒத்தத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு நடக்கற ஆளு. விடிஞ்சதுலருந்து அங்கயே நிக்கிறாரு. ரெண்டு தடவ கல்லுகிட்ட வந்து கைய நீட்டினாரு. அவரு ஊருப் பெரியவன் கனைச்சான், பின்வாங்கிட்டாரு. மச்சான், அழுவாதீங்க, போய் ஒக்காருங்க! ஆளு கெடைச்சாச்சு!

என்னங்க? என் வண்டியில போர்வைக்குக் கீழ என்னவா? சொல்றேன், சொல்றேன். கல்லு மொதல்ல.

மாரிக்காலத்துக் காத்துல இங்க நின்ன ஒரு மரம் சாஞ்சு செவுத்தையும் இழுத்துப் போட்டுருச்சுங்க. சந்துல பன்னி பூந்து ஓவர்பிக்காரன் ஒருத்தனோட தாத்தா குழியக் கெளறிருச்சு. அன்னைக்கே கோயில் பெரியவங்க சொல்லிட்டாங்க, செவுரு நிக்காத ஊருக்கு உள்ள ஒரு பிடி மண்ணும் கெடையாதுன்னு. பாதிரியாரு கால்ல விழுந்து கெஞ்சினேன். அவரு நல்ல மனுசன், ஆனா அவரால ஆனது இன்னைக்குச் சாயங்கால மணி வரைக்கும் தவணைதான். மணி அடிச்சா எங்க துண்டு மண்ணு ஓவர்பிக்குப் போயிரும். எங்க ரெண்டு புள்ளைங்களும் அங்கதாங்க கெடக்குதுங்க, செவுத்தோரமா. அத விட்டா எங்களுக்குப் போக்கிடம் ஏது? அடுத்த பங்குக்காரன் எங்களச் சேப்பானா? நான் என்னங்க பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க!

கீழ் வரிசையெல்லாம் நானே அடுக்கிட்டேன். வெரலப் பாருங்க, நகமே இல்ல. இந்த நீளக் கல்லுதான் எமன். இது குறுக்கால ஒக்காந்து ரெண்டு பக்கத்தையும் சேத்துப் புடிக்கணும், இல்லேன்னா செவுரு வயிறு தள்ளி விழுந்துரும். ஒத்த ஆளால ஆகலீங்க. தூக்கித் தூக்கிப் பாத்தேன், கால்லதான் விழுது.

புடிங்க. முட்டிய மடக்குங்க, இடுப்ப நம்பாதீங்க. ஏந்துங்க... ஐயோ, என் பக்கம் சாய்க்காதீங்க... இன்னும் கொஞ்சம்... ஆ! ஒக்காந்துருச்சு! கர்த்தரே, ஒக்காந்துருச்சுங்க. மச்சான், பாத்தீங்களா!

இல்ல, இல்ல, நான் அழுவல. வேர்வை.

ரிப்பன் இருக்குன்னீங்களே, நீலத்துல இருக்கா? ஒரு முழம் குடுங்க. அதுக்குப் பதிலா அந்த ரொட்டியும் பீரும் நீங்க எடுத்துக்குங்க, எனக்கு எறங்கல. நீலம்தான் வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருந்தா. தாமசின், என் வீட்டுக்காரி. வண்டியில அவதாங்க இருக்கா. முந்தாநேத்து போயிட்டா. வண்டி குலுங்கினதுல முடி கலைஞ்சு கெடக்கு, கட்டி விட்டுட்டு வந்துர்றேன். அப்பறம் மேல் வரிசைய நாம ரெண்டு பேருமா அடுக்கிரலாம், மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. உள்ள கொண்டுபோறதுக்கு ஒங்களச் செரமப்படுத்த மாட்டேன். அதுக்கு ஆம்ப்ரோஸ் இருக்காரு. கூடப்பொறந்த தங்கச்சி, அவளத் தூக்கலாம். செவுத்தத்தான் தொடக் கூடாது.