ரெண்டு சிலிண்டர் எடை

எண்ணூர் பஸ்ஸில் ஏறினால் வாட்சைப் பார்க்கக்கூடாது. அன்றைக்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன் சீட்டில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி, செக்கப் ஃபைலை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் தெருவைச் சேர்ந்த ஒரு அக்கா.

“நேத்து உன் எடைக்கு ரெண்டு சிலிண்டர கட்டில்ல வெச்சு தூக்கிப் பாத்தோம்டி,” என்றாள் அக்கா.

“இன்னாத்துக்குக்கா?”

“உனுக்கு வலி வர்ற அன்னிக்கும் ரோடு இப்டியே கீதுன்னா? ஆம்புலன்ஸு லாரிக்கு அந்தாண்டதான் நிக்கும். அதுவரைக்கும் நாங்கதான் தூக்கணும். தெருவுல ஆறு பொம்பளைங்க பேசி வெச்சிகீறோம். நடக்க வெக்காதீங்க, இடது பக்கமா படுக்க வைங்கன்னு நர்சம்மா சொல்லிக் குடுத்துச்சு.”

“ஆம்பளைங்க?”

“ஹார்பர்ல ஷிப்டுல இருப்பானுங்க.”

“கீழ வெக்காம தூக்கினீங்களா?”

“ரெண்டு வாட்டி வெச்சிட்டோம். தெனம் தூக்கினா பழகிரும்.”

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

“போன வருசம் வலி வந்தப்போ மேரிக்காவ எத்தினி வாட்டி கீழ வெச்சீங்க?”

“மேரிய யாருடி தூக்கினா? லாரி இப்போ நகந்துரும், இப்போ நகந்துரும்னு ஆட்டோவுலயே குந்திகினு இருந்தோம். அவ உசுரு போறவரைக்கும் குந்திகினு இருந்தோம்.”

கர்ப்பிணி ஃபைலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு சிலிண்டர் வேணாம்க்கா. கட்டில்ல நானே படுத்துக்கறேன்.”