சாரைக்கு ஈரச் சாக்கு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வெயிலில் நின்றது. உள்ளே எங்களுக்கே விசிற ஆளில்லை. முன்சீட்டில் மடியில் துணிப்பையுடன் இருந்த பெண் பக்கத்து அம்மாவிடம் சொன்னாள்:

“பாம்புக்கு ஈரச் சாக்கு போட்டுட்டுதான் கெளம்பினேன்.”

“பாம்புக்கா?”

“சாரைங்க. மல்லாட்டைக் கடலை மூட்டை போட்டிருக்கிற கொட்டாயில இருக்குது. தகரக் கூரை, அனலா கொதிக்குது. அது வந்ததுலேர்ந்து ஒரு எலி கிடையாது. அத யாரும் அடிக்கக் கூடாதுன்னுட்டேன்.”

“வூட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியா?”

“பாம்பா நானான்னு கேட்டாரு. பாம்புன்னேன். கோச்சிக்கினு திண்டிவனத்துல அவங்க அக்கா வூட்டுக்குப் போய்ட்டாரு.”

“இப்ப கூட்டியாரப் போறியா?”

“மாத்துத் துணி குடுக்கப் போறேன். சாக்கு காயறதுக்குள்ள திரும்பணும்.”