அடித் தீவனம்

டீயில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன், டாக்டரம்மா. நீங்கள் அப்படித்தான் குடிப்பீர்கள் என்று தெரியும். ஒருவர் ஓரிரு முறை நம் வீட்டில் டீ குடித்துவிட்டால் போதும், அவருக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்பது என் மனதில் பதிந்துவிடும். கோழி வளர்ப்பவனுக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. எந்தக் குஞ்சு தீனிக்கு வரவில்லை, எது இறக்கையைத் தொங்கப்போட்டு நிற்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பிழைப்பு இது.

தம்பி அங்கே குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறான். வாங்குகிறவர்கள் வரும்போது பளபளவென்று நிற்க வேண்டுமாம். அவன் முடித்து வரக் கொஞ்ச நேரம் ஆகும். இந்தக் குதிரை சவாரிக்குத் தகுதியானது என்று நீங்கள் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அதனால்தான் உங்களை லாயத்துக்குக் கூட்டிப் போகாமல் இந்தத் தீவன அறைக்குக் கூட்டி வந்தேன். அந்த ஸ்டூல் லேசாக ஆடும். சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. அதை நான் ஒருநாளும் அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை. அவனுக்குக் குதிரைப் பைத்தியம். சரி, வைத்துக்கொள் என்று இந்த வளாகத்தில் பாதியை அவனுக்கு விட்டுக் கொடுத்தேன். இந்தப் பக்கம் என் கோழிக் கொட்டகை, அந்தப் பக்கம் அவன் லாயம். குதிரையேற்றம் கற்றுக்கொடுத்துப் பிழைத்தான். கல்யாணமும் நான்தான் செய்து வைத்தேன். தம்பி மனைவி கையால்தான் எனக்கு மூன்று வேளைச் சாப்பாடும்.

மூன்று குதிரைகள். கறுப்பிக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சோம்பேறிக்கும் அப்படித்தான், முதுகில் ஆள் ஏறிய பிறகும் பாதித் தூக்கத்தில் நிற்கும். மூன்றாவது மாப்பிள்ளை. தவிடு கொஞ்சம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், நல்ல வார்த்தை சொன்னால்தான் சாப்பிடுவான். இந்தப் பெயர்களை எல்லாம் வைத்தது தம்பி மகள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் என் கொட்டகைக்குத்தான் ஓடி வருவாள். குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைப்பது அவள் வேலை. ஒரு குஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "பெரியப்பா, இதுக்கு இதயம் எவ்வளவு வேகமா அடிக்குது பாரு" என்பாள். தினமும் அதையே சொல்வாள், தினமும் நான் காதை வைத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி சொன்னான். தொலைவில் ஒரு பெரிய குதிரையேற்றப் பள்ளியில் அவனைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். தங்க வீடு, வாலுவுக்கு நல்ல பள்ளிக்கூடம். குதிரைகளையும் கொண்டு வரலாம், ஆனால் ஆரோக்கியமாக இருக்க வேண்டும்.

"நீயும் வந்துடுண்ணா," என்றான்.

"கோழிங்கள என்ன பண்றது?"

"வித்துடலாம்."

வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னான். இருபது வருடப் பிழைப்பை, மறு சோறு கேட்பதுபோல. நான் பார்க்கலாம் என்றேன். எனக்கு அன்று பசி நன்றாகவே இருந்தது, முழுவதும் சாப்பிட்டேன்.

உங்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பையைப் பாருங்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமல் இருக்கத் தீவனத்தில் கலக்கும் தூள் அது. குடலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியைக் கொல்லும். இது வருவதற்கு முன்னால் ஒரு கழிச்சல் வந்தால் பாதிக் கொட்டகை காலியாகிவிடும். கோழிக்கு இது காவல் தெய்வம். பையின் ஓரத்தில் குதிரைத் தலை படம் போட்டு அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி இருக்கிறது, தெரிகிறதா? குதிரையின் இதயத்துக்கு இது எமன்.

தம்பி முதல் குதிரையை வாங்கி வந்த அன்றே மருந்துக் கடைக்காரர் எனக்கு இதைச் சொல்லிவிட்டார். அன்றைக்கே நான் விதிகள் போட்டேன். தீவன அறைக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். கொட்டகை வாளி லாயத்துக்குப் போகக் கூடாது. என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குதிரையைத் தடவிக்கூடக் கொடுக்கக் கூடாது. தம்பி அதைப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் அவன் என்னை நம்பியதால் இந்த அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

குதிரைகளை ஏற்றிப் போக லாரி பேசுவதற்காக அவன் போன காலையில் குதிரைகளுக்குத் தீனி வைக்கும் வேலையை என்னிடம் விட்டுப் போனான். அவற்றைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு எண்ணமே இல்லை. லாரி வரும் நாளில் கொஞ்சம் சோர்ந்து நின்றால் போதும். அந்தப் பள்ளிக்காரர்கள் வேண்டாம் என்றுவிடுவார்கள். எல்லாம் பழையபடி இருக்கும். தவிட்டில் சர்க்கரைத் தண்ணீர் விட்டு, கோழித் தீவனத்தைக் கலந்து மூன்று தொட்டியிலும் வைத்தேன்.

நான் எடுத்தது இதோ, இந்தக் கலக்கும் டிரம்மின் அடியில் கிடந்த தீவனம். நல்ல தீவனத்தை வீணாக்குவானேன் என்று நினைத்தேன். இந்த டிரம்மில் ஒரு குறை உண்டு. எவ்வளவு சுற்றினாலும் மருந்துத் தூள் கொஞ்சம் அடியில் போய்த் தங்கிவிடும். அதனால் அடித் தீவனத்தைக் கோழிக்கே போட மாட்டேன், குழியில் கொட்டி மூடிவிடுவேன். என்னிடம் வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதல் பாடமாக அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அன்று ஏதோ ஞாபகப் பிசகில் அதை எடுத்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். உங்களிடம் பொய் வேண்டாம். அள்ளும்போது ஞாபகம் வந்தது. கை நிற்கவில்லை.

மாப்பிள்ளை அன்று முகத்தைத் திருப்பவில்லை. சர்க்கரை போட்டதால் தொட்டியை நக்கித் துடைத்துவிட்டான்.

அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள். மாப்பிள்ளைக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது, பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. மற்ற இரண்டும் தீனியைத் தொடாமல் சோர்ந்து நின்றன. ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏறியிருக்கலாம் என்று நீங்கள் சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்தீர்கள், அதற்கான ஊசியும் போட்டீர்கள். ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்துதான் உள்ளே போய் அவனைக் கொன்றுகொண்டிருந்தது. அதே மாதிரி இன்னொரு மருந்தை நீங்கள் ஏற்றினீர்கள். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உள்ளங்கையில் அவன் மூச்சு பட்டது. சாயங்காலத்துக்குள் போய்விட்டான்.

அப்போது என்னை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"கோழித் தீவனம் ஏதாவது வாயில பட்டிருக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதுக்கு வழியே இல்லைங்க. சாவி என் இடுப்புலதான் இருக்கு."

தம்பி குறுக்கே வந்து, அண்ணன் அந்த விஷயத்தில் ரொம்பக் கறார் என்றான். பெருமையாகத்தான் சொன்னான். தீவனத்தில் கொஞ்சம் பரிசோதனைக்குக் கேட்டீர்கள், புதுத் தவிட்டு மூட்டையைப் பிரித்து அள்ளிக் கொடுத்தேன். உடலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்றீர்கள். தம்பி யோசித்தான். விட்டுடுங்க, தம்பி தாங்க மாட்டான் என்று நான் சொன்னதும் அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். அவன் அப்படிச் சாய்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

போகும்போது நீங்கள் அவனிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்த மருந்தாக இருந்தால் பிழைத்த குதிரைகள் பார்க்க நன்றாகத் தெரியும், ஆனால் இதயத்தில் தழும்பு விழுந்திருக்கும், ஆயுசுக்கும் முதுகில் ஆள் ஏற்றக் கூடாது. அப்படி இல்லையென்றால் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்துவிட்டுச் சவாரி செய்யலாம். அண்ணன்தான் இல்லை என்கிறாரே என்றான் தம்பி.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. லாரி வரவில்லை. மாப்பிள்ளைக்காக வீட்டில் எல்லோரும் அழுதோம், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வாலு காலையில் வந்தால் வெகுநேரம் என்னோடு இருப்பாள். கறுப்பியும் சோம்பேறியும் மெல்லத் தேறி வந்தன. அவை தேறத் தேற எனக்குள் கலக்கம் ஏறியது. தம்பி மறுபடி அந்தப் பள்ளிக்காரர்களோடு பேச ஆரம்பித்திருந்தான். இரண்டு குதிரை போதும் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஓய்வு முடிந்து கறுப்பிக்குச் சேணம் பூட்டிய காலையில் நான் வேலி ஓரம் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். வாலுதான் முதலில் ஏறுவேன் என்று அடம் பிடித்தாள். அவள் பாரம் குறைவு, கறுப்பிக்கும் நல்லது என்று தம்பி தூக்கி உட்கார வைத்தான்.

ஒரு வார்த்தை போதும், டாக்டரம்மா. ஏற்றாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பான். சொல்லியிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்கள், அப்புறம் இந்த ஜென்மத்தில் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார்கள். இதெல்லாம் அவள் கடிவாளத்தைக் கையில் வாங்குவதற்குள் என் மனதில் ஓடி முடிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துக் கை காட்டினாள்.

"பாத்துப் போடா கண்ணு," என்றேன்.

கறுப்பி முதல் சுற்றில் நடந்தாள். இரண்டாவது சுற்றில் ஓடினாள். வேலியின் வளைவில் முன்னங்கால் மடங்கி அப்படியே சரிந்தாள். இடறவில்லை, கனைக்கவில்லை. விழும்போதே உயிர் இல்லை. வாலுவின் கால் அடியில் சிக்கிக்கொண்டது. நாங்கள் இழுத்து எடுக்கும்போது அவள் அழவில்லை. "பெரியப்பா, கறுப்பிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நீங்கள் கேட்டபோது உங்களிடம் பொய் சொன்னேன். அவளிடமும் அதைத்தான் செய்தேன், தெரியாது என்றேன்.

இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் நொறுங்கிவிட்டன. இரண்டு அறுவை சிகிச்சை. உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாதது, தம்பி தினமும் லாயத்துப் படியில் உட்கார்ந்து கறுப்பியின் சேணத்தைக் கட்டும் வயிற்றுப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் துளைகளைத் தடவிக்கொண்டிருக்கிறான். இறுக்கிக் கட்டிவிட்டேன், அதனால்தான் கறுப்பிக்கு மூச்சு முட்டியது என்கிறான். தம்பி மனைவி அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். உன்மேல் தப்பு இல்லைடா என்று நான் சொல்கிறேன். இந்த வீட்டில் நான் பேசுகிற உண்மை அது ஒன்றுதான், அதை அவன் நம்ப மாட்டேன் என்கிறான்.

செய்தது நான். மாப்பிள்ளையைக் கொன்றது நான், கறுப்பியைக் கொன்றது நான், என் குழந்தையின் காலை ஒடித்ததும் நான். தெரியாமல் செய்யவில்லை. இந்தக் கையால் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சோம்பேறியைத் தம்பி ஒரு சிறுவர் குதிரையேற்றப் பள்ளிக்கு விற்கப் போகிறான். சாதுவான குதிரை, குழந்தைகளுக்கு ஏற்றது என்று பேசி முடித்துவிட்டான். இன்னொரு வீட்டுக் குழந்தை அதன்மேல் ஏறக் கூடாது. அதற்காகத்தான் வாயைத் திறந்தேன். இதயம் பலவீனம் என்று எழுதிவிடுங்கள். அது இங்கேயே நின்று தின்றுகொண்டிருக்கட்டும்.

தம்பியிடம் மட்டும் நீங்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன். இப்போது வேண்டாம். வாலு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நாலு எட்டு வைக்கிறாள். அப்பா கையைத் தொட மாட்டாள், அம்மா கையும் வேண்டாமாம். அவள் தனியாக நடக்க ஆரம்பித்ததும் இந்த இடமே வேண்டாம், கிளம்பிவிடலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். காலை மடக்கி நீட்டும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்ய வேண்டும், விடாமல் செய்தால் சீக்கிரமே நடந்துவிடுவாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைச் செய்ய வைப்பது என் பொறுப்பு. அவள் முகம் லேசாகச் சுளித்தாலும் நான் நிறுத்திவிடுவேன். போதும்டா, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று தூக்கிக்கொண்டு போய்க் குஞ்சுகளைக் காட்டுவேன்.

குழந்தைக்கு வலித்தால் என் மனசு தாங்காது, டாக்டரம்மா.