சூட்டு ஒடம்பு

தண்ணிய குடி இலக்கியா. பத்திரிகைய அப்பறம் பாத்துக்கலாம். உம் புள்ளைக்கு ஸ்ரீமுஷ்ணத்துல காது குத்தறீங்க, சந்தோஷம். எம் பொண்ணு பிரீதா உங்கம்மாவுக்கு பேத்தி, அவ முன்னால நிக்கலாம். அவள பெத்த நான் பின்னால நிக்கணும். அதத்தான உங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க? மூஞ்ச ஏன் தொங்கப் போடற, நீ என்னா பண்ணுவ.

பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பாகிட்ட பெருமையா சொன்னாங்க. எங்க வூட்டு ஆளுங்களுக்கு சூட்டு ஒடம்பு, மூக்குல ரத்தம் வரும், கோவமும் ஜாஸ்தின்னு. உங்கண்ணனுக்கு மூக்குல ஒழுவுனா, தலையில எண்ணெய கொண்டாந்து கொட்டுவாங்க. டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னா, எங்கப்பாவுக்குந்தான் ஒழுவுச்சி, எவன் செத்தான்னு கேட்டாங்க. செத்தாரு உங்கண்ணன். புவனகிரி கடையில நின்னுகிட்டிருந்தவரு தலைய புடிச்சிகிட்டு உழுந்தாரு. மூளையில ரத்தக்குழா வெடிச்சிடுச்சின்னாங்க. பதினாறு முடியறதுக்குள்ள உங்கம்மா துக்கத்துக்கு வந்தவங்ககிட்டல்லாம் சொல்லிட்டாங்க, எம் புள்ளைய முழுங்கிட்டா, இவ கால் வச்ச நேரம்னு.

இரு, நான் பேசிக்கறேன். இத்தன வருஷம் வாய மூடிகிட்டுதான இருந்தேன். இந்த சிதம்பரத்துலேர்ந்து கடலூருக்கு நாயா அலைஞ்சேனே, எதுக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? டாக்டரம்மா சொன்னாங்க. ஒடம்புல ஏதோ ஒரு ஜீனாம். அது செய்யற புரோட்டீன்தான் ரத்தக்குழா செல்லுங்க எப்பிடி வளரணும்னு பாத்துக்குமாம். உங்க வம்சத்துல அதுல கோளாறு. அங்கங்க குழா மெலிசா பூடுது. மூக்குல இருந்தா ஒழுவும், மூளையில இருந்தா வெடிக்கும். சூடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் கால் வச்ச நேரமும் இல்ல. உங்கம்மா முந்தானையில மூக்க தொடச்சி தொடச்சி மறைப்பாங்களே, அவுங்ககிட்டேர்ந்துதான் அவுங்க புள்ளைக்கு வந்துது. போயி சொல்லு. உம் புள்ளையையும் காது குத்தறதுக்கு முந்தி கூட்டிகிட்டு போயி காட்டு. இத கோவத்துல சொல்லல.

என்னா? செத்துப் போனவருக்கு எப்பிடி கண்டுபுடிச்சாங்கன்னா கேக்கற?

அவர எங்க போயி பாக்கறது. பிரீதாவுக்கு பள்ளிக்கூடத்துல மூக்குல வந்துது. அவ ரத்தத்தையும் என் ரத்தத்தையும் எடுத்துதான் சென்னைக்கு அனுப்பிச்சாங்க. எனக்கு இல்லன்னுட்டாங்க. அவளுக்கு இருக்கு.