குட்டிக் கோசு பொரிக்கும் பக்குவம்

குட்டிக் கோசு மொறுமொறுவென்று வர வேண்டுமென்றால், கழுவியதும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். நிறைய பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஈரத்தோடு ஏர் ஃப்ரையரில் போட்டால் அது வேகும், பொரியாது. அடிக்கட்டையைச் சன்னமாக நறுக்கி, நெடுக்கில் இரண்டாக வெட்டி, கொஞ்சம் எண்ணெய், உப்பு, மிளகுத்தூள், அரைக் கரண்டி இறைச்சி மசாலா போட்டுப் பிசறி, வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி அடுக்க வேண்டும். பாதியில் ஒரு தடவை கூடையை இழுத்துக் குலுக்கிவிட்டால் போதும். உதிர்ந்த இலைகள் தனியாகக் கருகி அப்பளம் மாதிரி நொறுங்கும். என் மகன் பவனேஷுக்கு அதுதான் பிடிக்கும். காய் எனக்கு, இலை அவனுக்கு. அப்படித்தான் நாங்கள் பிரித்துக்கொள்வோம்.

இப்போது அந்த ஏர் ஃப்ரையர் அலமாரிக்கு மேலே பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிடக்கிறது. நீ உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாய், நித்தியா. தாம்பாளத்தில் வைத்து உன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாய். என் மகன் பெயர் இல்லாத பத்திரிகை. கை என் பக்கம் நீண்டதே தவிர, கண் அலமாரி மேலேயே இருந்தது. பிறகு உட்கார்ந்து, நான் ஒற்றைக் கையால் கலக்கிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

“அத்தை, அன்னிக்கு ஹாஸ்பிட்டல்ல தலையாட்டுனீங்களே, அது உண்மையா?”

நல்ல பிள்ளை நீ. வேறு யாராவது என்றால் இந்த ஈஜோக் ஊர் முழுக்கத் தமுக்கடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்து கேட்டிருப்பார்கள். புக்கிட் பெருந்துங்கில் வேலை முடிந்து பவனேஷ் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. முதலிலிருந்து முறையாகக் கேட்டால் உனக்கே புரியும்.

அவன் அப்பாவை நீ பார்த்ததில்லை. படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டாய், அதை நான் மாட்டவில்லை. திருச்செல்வம் என்று பெயர். தோட்டத்தில் வேலை போனதும் சிங்கப்பூருக்குப் போனார். “வாராவாரம் வந்துருவேன், அம்சா. இங்கதானே இருக்கு, பாலத்தத் தாண்டுனா வீடு” என்றார். முதலில் வாராவாரம் வந்தார். அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை. அப்புறம் தீபாவளிக்கு. ஒரு தீபாவளிக்கு நான் முறுக்கு சுட்டு வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முறுக்கை முழுக்கப் பவனேஷ்தான் சாப்பிட்டுத் தீர்த்தான். அப்பா எங்கே என்று கேட்கவே இல்லை, பாவம். கேட்டால் நான் அழுவேன் என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது.

அவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என் இதயத்தில் வால்வு மாற்றினார்கள். இரும்பு வால்வு. ராத்திரி அமைதியாக இருந்தால் கடிகாரம் மாதிரி சத்தம் கேட்கும். சின்ன வயதில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, “அம்மா, நீங்க டிக் டிக்குனு ஓடுறீங்க” என்று சிரிப்பான். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. இதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்தியிருந்தால் அது குற்றம். நான் காய்தான் சாப்பிட்டேன்.

ஏர் ஃப்ரையர் அவன் வாங்கிக் கொடுத்தது. தீபாவளிக்குச் சேலைக்குப் பதில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். “எண்ணெய் பலகாரம்லாம் இனிமே கட், அம்மா. ஹெல்த்தியா சாப்பிடணும் லா” என்று பெரிய டாக்டர் மாதிரி பேசினான். கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சமைத்தான். ராவாங் சூப்பர்மார்க்கெட்டில் குளிர்பெட்டிக்குள் சின்னச் சின்னக் கோசாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதை அவன்தான் கொண்டுவந்தான். கோசுக்குப் பிறந்த குட்டியா இது என்று நான்கூடக் கேலி செய்தேன். அவ்வளவு ருசி. தினமும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

அடுத்த தடவை கிளினிக்கில் விரலில் குத்தி ரத்தம் பார்த்தபோது, அது உறையாமல் இருக்கிறதா என்று காட்டும் எண் கீழே இறங்கியிருந்தது. மருந்து கொடுக்கும் மலாய்ப் பெண்ணின் முகம் மாறிப்போனது. ரத்தம் கெட்டியாகிறது, வால்வில் கட்டி கட்டினால் ஆபத்து என்றாள். புதிதாக என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பச்சைக் காய் இந்த மாத்திரைக்கு எதிரி, வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு மேல் போகக் கூடாது, இந்தக் காய் அதிலும் மோசம் என்று பொறுமையாக, எனக்குப் புரிகிற மலாயில் எடுத்துச் சொன்னாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. அவள் மேல் ஒரு பிழையும் கிடையாது.

வீட்டுக்கு வந்து எண் இறங்கிவிட்டது என்று மட்டும் பவனேஷிடம் சொன்னேன். அன்றைக்கு அவன் பினாங்குக்கு ஏதோ நேர்காணலுக்குப் போக வேண்டியவன். பையைக் கீழே வைத்துவிட்டான். விடுப்பு எடுத்துக்கொண்டு என் கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான். “வேலை எங்க போயிரும், விடுங்கம்மா” என்றான். பினாங்கைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவன் அப்பா போன பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் படுத்ததில்லை. கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.

“பச்சக் காயி நெறைய சாப்புடச் சொன்னாங்கய்யா” என்றேன்.

வாயில் தானாக வந்துவிட்டது. ஆனால் வந்த பிறகு திருத்திக்கொள்ள எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

அதன் பிறகு நீ வந்தாய். உன்னை எனக்குப் பிடிக்காமல் இல்லை. பரிசம் போட வந்தபோது உன் அம்மாவிடம், எனக்கு மகள் இல்லாத குறை தீர்ந்தது என்று சொன்னேனே, மனதாரத்தான் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் வேலை பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று அவன் சொன்னபோதுகூட நான் முகம் சுளிக்கவில்லை. நல்லதுய்யா என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாராவாரம் வந்துருவோம்மா, இங்கதானே இருக்கு” என்றான். அதே வார்த்தை. அவன் அப்பாவிடம் கேட்டு மனப்பாடம் செய்தவன் மாதிரி அதே வார்த்தை. அன்றைக்கு அவன் பொரித்த குட்டிக் கோசை நான் தட்டு நிறையச் சாப்பிட்டேன்.

இப்படித்தான் நடந்தது. அவன் சிங்கப்பூர் கம்பெனிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் என் எண் இறங்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். நான் காயைக் குறைப்பேன், எண் ஏறும். மறுபடி அவன் கிளம்பப் பார்ப்பான், மறுபடி காய். கிளினிக்கில் கேட்டால் கீரையைக்கூடத் தொடுவதில்லை என்பேன். அவர்கள் குழம்பிப்போவார்கள். பவனேஷ் வேலை முடிந்த களைப்போடு ராவாங்குக்கு மோட்டாரை விட்டுக் குட்டிக் கோசு வாங்கி வருவான். மழையில் நனைந்துகொண்டு வருவான். அம்மாவுக்கு எண் இறங்குகிறது, காய் பற்றவில்லை என்று இன்னும் அதிகமாகப் பொரிப்பான். தனக்கென்று அந்த உதிர்ந்த இலையை மட்டும் எடுத்துக்கொள்வான். என் தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து அவனுக்கு ஊட்டிவிடுவேன். பெற்ற மனம் பித்து என்பார்கள், அது சும்மா இல்லை.

எனக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று பயப்படவில்லையா என்று நீ கேட்கலாம். பயந்தேன். அவன் போய்விட்ட வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்து அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

அப்புறம் அந்தக் காலை. கோப்பி மங்கு என் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், இடது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. என்னைக் காரில் தூக்கிப் போடும்போது பவனேஷ் சின்னப் பிள்ளை மாதிரி அம்மா, அம்மா என்று கத்தினான். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அப்படி ஆக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கொஞ்சம் முடியாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

மீதிதான் உனக்குத் தெரியுமே. நான் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று தெரிந்த உனக்கு அதன் பெயர் தெரியாது. டாக்டர் வார்ஃபரின் என்றதும் நிமிர்ந்தாய். நீ வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் பல் பிடுங்குமுன் அந்தப் பெயரைத்தானே முதலில் கேட்பீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் எதையோ தேடிப் படித்தாய். “பவன், அந்தக் காயை அத்தைக்குக் குடுக்கவே கூடாது. யார் குடுக்கச் சொன்னது?” என்றாய்.

அவன் என் பக்கம் திரும்பினான். “அம்மா, கிளினிக்குலதானே சாப்பிடச் சொன்னாங்க? நீங்கதானே சொன்னீங்க?”

பேச்சு குளறியது எனக்கு. ஆனால் தலை ஆடும். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணில் கோபம்கூட இல்லை, வெறும் கேள்வி. ஆமாம் என்றால் என் மகன் எனக்கு இல்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

கண்ணீர் வந்தது. அது நிஜக் கண்ணீர், நித்தியா, அதை மட்டும் சந்தேகப்படாதே.

“அப்ப நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்” என்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னை நம்புவதா, தன் காதை நம்புவதா என்று வந்தபோது என்னை நம்பினான். அப்படி வளர்த்திருக்கிறேன். நீ அவனைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும்.

அவனே சிங்கப்பூரை விட்டான். அவனே உன்னிடம் வந்து பரிசத்தைத் திருப்பச் சொன்னான். “எங்க அம்மாவ நானே கொல்லப் பாத்தேன், எனக்கு எதுக்குக் கல்யாணம்” என்று உன் வீட்டில் அழுதானாம். கேள்விப்பட்டேன். பங்குனி உத்திரத்துக்குக் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்தான். தாய்க்காக நேர்ந்துகொண்ட பிள்ளை என்று கோயிலில் எல்லாரும் என்னைப் பிடித்து வாழ்த்தினார்கள். அவன் நேர்ந்துகொள்ளவில்லை, மன்னிப்புக் கேட்டான். எதற்கென்று முருகனுக்கும் எனக்கும் தெரியும். வெயிலில் கொதித்துக் கிடந்த தார் ரோட்டில் அவன் ஆடிக்கொண்டு வரும்போது, அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். ஒற்றைக் கையால் ஊற்றியதால் சரியாகப் படவில்லை. வேல் வேல் என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் சொன்னேன். 

இப்போது அவன்தான் சமைக்கிறான். ஒவ்வொரு காயையும் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறான். சிரிப்பதில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ராத்திரியில் கதவோரம் வந்து நின்று, என் வால்வுச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறான். முன்பு சிரித்துக்கொண்டு கேட்டவன்.

நீ அழாதே. “அவருகிட்ட சொல்லிருங்க அத்தை, அவரு வாழ்ந்துட்டுப் போகட்டும், எனக்காகக் கேக்கல” என்கிறாய். உன் மனது தங்கம். ஆனால் யோசித்துப் பார். இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் அவன் என்ன ஆவான்? அவனுக்கென்று இந்த வீட்டில் நான் ஒருத்திதானே மிச்சம். என்னையும் அவனிடமிருந்து பிடுங்கச் சொல்கிறாயா?

அதோ, அவன் மோட்டார் சத்தம். சந்து முனையில் திரும்புகிறான். நீ வேண்டுமானால் அவனிடம் சொல், நான் தடுக்க மாட்டேன். அவன் உன்னைப் பார்ப்பான், பிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பான். எனக்குக் கைதான் விழுந்தது. கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொள். அந்தத் தேத்தண்ணியையும் குடித்துவிடு, ஆறிவிட்டது. ஒன்று மட்டும் நீ எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் என்னைக் கேட்கலாம், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன். போகாதே என்று என் பிள்ளையிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.