பெட்ரோல் ஒழுவுற வண்டி

நந்தகுமார்: இன்னும் கொஞ்சம் குனி. மூக்கக் கிட்ட கொண்டு போ. வாசன வருதா இல்லியா?

இளமதி: வருது.

நந்தகுமார்: என்னா வாசன?

இளமதி: உங்க பனியன்லேருந்து கிரீஸ் வாசன.

நந்தகுமார்: வெளையாடாத இளமதி. விடிஞ்சதுலேருந்து காருக்கு அடியில படுத்துக் கெடக்கறன். டேங்குக்குக் கீழ பெட்ரோல் வாசன வருதான்னு கட்டுன பொண்டாட்டியக் கேட்டா...

இளமதி: வரலங்க. நாலு மாசமா ஞாயித்துக்கெழம ஆனா மோந்து மோந்து பாத்து எனக்கு சளியே புடிச்சிடுச்சி. ஒழுவுனாதான வாசன வரும்?

நந்தகுமார்: ஒழுவாம எங்க போவுது? போன ஞாயிறு இந்தக் கையால அஞ்சு லிட்டர் ஊத்துனன். இன்னிக்கு வெளக்கமாத்துக் குச்சிய வுட்டுப் பாக்கறன், நுனி கூட நனையல. நான் தெனம் காலையில அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு வேலைக்கு திட்டக்குடி பஸ்ஸப் புடிக்க ஓடறன். அதோட சரி.

இளமதி: அந்த அஞ்சு நிமிசத்துல குடிச்சிருக்கும்.

நந்தகுமார்: அஞ்சு லிட்டரயா? அது என்னா மாடா?

இளமதி: எனக்கு ஷெட்டுல வேல கெடக்குதுங்க. கார்த்திக தீபத்துக்கு பத்து நாளுதான் இருக்குது. பூங்கோத ஒத்தையா அச்சுல களிமண்ணு வெளக்கு வாத்துகிட்டு இருக்குறா.

நந்தகுமார்: வாக்கட்டும். இன்னியோட இந்தத் தொல்ல வுட்டுச்சி. பதினோரு மணிக்கு புரோக்கரு கொளஞ்சிநாதன் வாங்கற ஆளக் கூட்டிட்டு வராரு. பெண்ணாடம் தாண்டுனதும் மிஸ்டு கால் குடுக்கறன்னாரு. வந்தா ஓட்டிட்டுப் போவ வேண்டியதுதான்.

இளமதி: நெசமாவே விக்கப் போறீங்களா?

நந்தகுமார்: ராத்திரியே சொன்னன்ல?

இளமதி: ராத்திரி சொன்னது கோவத்துலன்னு நெனச்சன்.

நந்தகுமார்: இப்பவும் கோவந்தான்.

இளமதி: நம்ம ரெண்டு பேரு வூட்லயும் இதாங்க மொதக் காரு. தை மாசம் இத கயிறு கட்டி இஸ்துகிட்டு வந்தப்ப ஸ்பேனர எந்தப் பக்கம் திருப்பணும்னு கூட உங்களுக்குத் தெரியாது. உப்புத்தாளு வெச்சி தேச்சி தேச்சி கை ரேகயே அழிஞ்சி போச்சி. இப்ப போயி...

நந்தகுமார்: ரேக போனது போவட்டும். மானமுல்ல போவுது. ஹோஸ் மாத்தியாச்சி. பம்ப் மாத்தியாச்சி. கார்பரேட்டர ரெண்டு தடவ பிரிச்சி மாட்டியாச்சி. டேங்க எறக்கி மடியில வெச்சிகிட்டு பஸ்ஸுல நெய்வேலிக்குப் போயி வெல்டிங் பத்த வெச்சிட்டு வந்தன். கண்டக்டரு பின்னாடி சீட்டுப் பொம்பளைங்க கிட்டல்லாம் என்ன மன்னிப்பு கேக்க வெச்சான்.

இளமதி: நான் வேணாம்னுதான சொன்னன்.

நந்தகுமார்: நடுவுல ஒரு வாரம் பெட்ரோலு கூடியிருந்துச்சி பாரு. அது இன்னும் கொடும. மழத்தண்ணி எறங்கிடுச்சின்னு மொத்தத்தயும் வடிச்சி கீழ ஊத்துனன்.

இளமதி: அதயும் வேணாம்னு சொன்னன். வவுறு எரிஞ்சிச்சி எனக்கு.

நந்தகுமார்: உனக்கு ஏன் எரியணும்?

இளமதி: பெட்ரோல கீழ ஊத்துனா எரியாதா? அதோ, பக்கிரி அண்ணன் வராரு. மெக்கானிக்கு வந்துட்டாருல்ல, அவர மோந்து பாக்கச் சொல்லுங்க.

பக்கிரி: என்னா சாரு, இன்னிக்கும் அடியிலயா?

நந்தகுமார்: வாய்யா. நீ சொன்னதெல்லாம் செஞ்சிட்டன். இன்னும் ஒழுவுது.

பக்கிரி: ஒழுவுதுன்னு நான் சொல்லவே இல்லியே சாரு. நீங்க ஒழுவுதுன்னீங்க. நான் பாக்கலாம்னு சொன்னன்.

நந்தகுமார்: நாலு மாசமா பாத்துகிட்டே இருக்கற. அந்த மீட்டர் கேபிளாச்சும் கெடச்சிதா?

பக்கிரி: கேபிளு... பாண்டிச்சேரியில சொல்லி வெச்சிருக்கன்.

நந்தகுமார்: ஆடியில சொன்ன.

பக்கிரி: அங்கேருந்து வரணும்ல சாரு.

நந்தகுமார்: பாண்டிச்சேரியிலேருந்து நடந்தா வருது? வுடு. நீயே சொல்லு, இதுக்கு ஒரு வியாதியா ரெண்டு வியாதியா? டிரைவர் சீட்டு தானா முன்னாடி நவுந்துகிட்டே வந்துச்சி. சீட்டுக்கு அடியில ரெயிலு தேஞ்சி போச்சின்னு நாலு போல்ட்டு போட்டு இறுக்குனன். கண்ணாடி திங்கக்கெழம நிமுந்து நிக்கிது, சனிக்கெழம குனிஞ்சி நிக்கிது. ஸ்குரு லூசு. பின் சீட்டுல பாத்தியா, ஒரே வெள்ளப் பவுடரு. பேட்டரி ஆசிடு ஆவியாவுதுன்னு நெனக்கறன்.

பக்கிரி: பேட்டரி முன்னாடில்ல சாரு இருக்குது.

நந்தகுமார்: காத்துல பின்னாடி வராதா?

இளமதி: இந்த ஊர்ல யார் வூட்லதாங்க வெள்ளத் தூசி இல்ல? தெருவுக்குத் தெரு களிமண்ண அரைக்கிறாங்க. சோத்துலயே வுழுவுது.

நந்தகுமார்: அப்ப சக்கரத்துல செம்மண்ணு? அதுவும் சோத்துல வுழுவுதா? நின்ன எடத்துல நிக்கிற வண்டிக்கு செம்மண்ணு எப்டி வரும்?

பக்கிரி: நாயி கீயி...

நந்தகுமார்: நாலு சக்கரத்துலயுமா?

இளமதி: டீ போட்டுட்டு வரவா?

நந்தகுமார்: டீ வேணாம், நில்லு. இப்பதான் நெனப்பு வருது. நேத்து பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்கார பழமலயப் பாத்தன். அக்கா இப்பல்லாம் சூளைக்கு லோடு ஏத்த என்னயக் கூப்புடுறதே இல்லன்னு கொறபட்டுக்கிறான். வெளக்கயெல்லாம் எதுல ஏத்தற?

இளமதி: வேற... வேற வண்டி.

நந்தகுமார்: எந்த வண்டி?

பக்கிரி: சாரு, செல்லு அடிக்கிது.

நந்தகுமார்: நின்னு போச்சி. கொளஞ்சிநாதன் மிஸ்டு காலுதான். பெண்ணாடம் தாண்டிட்டாங்க. இன்னும் அர மணி நேரம். அந்தத் துணிய எடு, மேல தொடச்சி வெப்பம்.

இளமதி: தொடைக்க மாட்டன்.

நந்தகுமார்: என்னா?

இளமதி: தொடைக்க மாட்டன். விக்கிறதுக்கு நான் தொடச்சிக் குடுக்க மாட்டன். நான் ஒண்ணு கேக்கறன். இவ்ளோ பாடுபட்டீங்களே, இத கேட்டுக்கு வெளிய ஒரு தடவயாச்சும் ஓட்டுனீங்களா?

நந்தகுமார்: ஒழுவுற வண்டிய எப்டி...

இளமதி: அப்பல்லாம் ஒழுவறதயா சாக்கு சொன்னீங்க? ஆனி மாசம் இஞ்சின் ஸ்டார்ட் ஆயிடுச்சி. தெருவே கூடி நின்னுச்சி. மறு மாசம் ஸ்ரீமுஷ்ணத்துல எங்க அக்கா மவளுக்குக் காதுகுத்து. பிரேக்கு சரியில்லன்னு பஸ்ஸுல போனோம். ஆவணியில உங்க மாமா வூட்டு கிரகப்பிரவேசம். ஹாரன் கம்முதுன்னு பஸ்ஸு. ஹாரன் கம்முனா காரு போவாதா? தொண்ட கம்முனா நீங்க நடக்க மாட்டீங்களா?

பக்கிரி: தங்கச்சி சொல்றது நாயம் சாரு.

நந்தகுமார்: நீ சும்மா இருய்யா.

இளமதி: இப்ப எடுங்க. பாலக்கர வரைக்கும் ஒரே ஒரு ரவுண்டு. நல்லா ஓடுச்சின்னா விக்க வேணாம்.

நந்தகுமார்: நடு ரோட்டுல தீப்புடிச்சா நீ வந்து அணைப்பியா? ஒழுவுதுடி, ஒழுவுது. எத்தன தடவ சொல்றது? அஞ்சு லிட்டரு ஆவியாவா போவும்?

இளமதி: ஆவியாவும் போவல, ஒழுவவும் இல்ல. நான் ஓட்டறன்.

பக்கிரி: நான் டீக்கட வரைக்கும் போயிட்டு வரன் சாரு.

நந்தகுமார்: நில்லுய்யா அங்க. இளமதி, என்னா சொன்ன?

இளமதி: நான் ஓட்டறங்க. செவ்வாயும் வெள்ளியும் வெளக்க ஏத்திகிட்டு சூளைக்குப் போறன். நீங்க பஸ் ஏறுனப்பறம்.

நந்தகுமார்: சாவி எங்கிட்டல்ல இருக்குது? நான் திட்டக்குடிக்கே எடுத்துட்டுப் போறன்.

பக்கிரி: டூப்ளிகேட்டு... நாந்தான் சாரு போட்டுக் குடுத்தன். கேபிளு கூட நாந்தான் கழட்டுனன். கிலோமீட்டரு ஏறுனா நீங்க கண்டுபுடிச்சிடுவீங்கன்னு.

நந்தகுமார்: பாண்டிச்சேரியிலேருந்து வருதுன்ன.

பக்கிரி: எங்கிட்டதான் இருக்குது, கடையில ஆணியில. சாரு, கோச்சிக்காதீங்க. நாலு மாசமா ரோட்டுல ஓடாத வண்டி பேட்டரி எறங்காம தெனம் காலையில ஒரே செல்ஃபுல எப்டி ஸ்டார்ட் ஆவும்? உங்களுக்கு ஒரு நாளாச்சும் அது தோண வேணாமா? நானும் என்னிக்காச்சும் கேப்பீங்கன்னு பாத்தன்.

நந்தகுமார்: நான் நல்லா வேல செஞ்சிருக்கறன்னு நெனச்சன்.

பக்கிரி: அதுவும் உண்மதான் சாரு.

நந்தகுமார்: சீட்டுக்கு போல்ட்டு போட்டனே...

இளமதி: போட்டப்பறம் கால் எட்டல. முதுகுக்கு தலகாணி வெச்சிகிட்டன்.

நந்தகுமார்: பெட்ரோலு கூடுனது?

இளமதி: நீங்க பொலம்பறதக் கேக்க முடியலன்னு நானே ஊத்தி வெச்சன். அதயும் தண்ணின்னு வடிச்சீங்க.

நந்தகுமார்: ஊரே பாத்திருக்குமே. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலயே.

இளமதி: சொன்னாங்களே. கறிக்கடைக்காரரு, சாரு உங்க வண்டி சூப்பரா போவுதுன்னாரு. நீங்க பெயிண்ட சொல்றாருன்னு நெனச்சி தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தீங்க. நான் பக்கத்துலதான் நின்னன்.

நந்தகுமார்: சூளைக்கு மூணு கிலோமீட்டரு. வாரத்துக்கு ரெண்டு நட. அதுக்கு அஞ்சு லிட்டரா?

இளமதி: வியாழக்கெழமயில நானும் பூங்கோதயும் சேத்தியாத்தோப்பு வரைக்கும் போவோம். வெள்ளாத்துப் பாலத்துகிட்ட நிறுத்தி டீ குடிச்சிட்டு வருவோம்.

நந்தகுமார்: டீ குடிக்கவா? அவ்ளோ தூரம்?

இளமதி: காத்து நல்லா வருதுங்க.

நந்தகுமார்: காத்து வருதாம். நான் இங்க அடியில மல்லாந்து கெடக்கறன், அங்க காத்து வருதாம். ஏன்டி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் என்னா புலியா?

இளமதி: கை வெச்சா கொன்னுடுவன்னு சொன்னது யாரு? கதவத் தொறந்தாலே விரலு ரேக வுழுவுதுன்னு தொடைப்பீங்க. எப்டி கேக்கறது? போன வருசம் ஆட்டோவுல நூறு வெளக்கு ஏத்துனா சூளைக்குப் போறதுக்குள்ள முப்பது ஒடஞ்சிடும். சுடாத பச்ச மண்ணுல்ல, ஒரு குலுக்கு தாங்காது. இந்தப் பின் சீட்டுல துணிய விரிச்சி அடுக்குனா ஒண்ணு ஒடையலங்க. ஒரே ஒண்ணு கூட. அதனாலதான் சொல்றன், இத விக்காதீங்க. திட்டறதா இருந்தா திட்டுங்க.

நந்தகுமார்: எப்டி ஓடுது?

இளமதி: என்னாது?

நந்தகுமார்: வண்டி. டாப் கியர்ல... எப்டி இருக்குது?

இளமதி: ஊரத் தாண்டி புளியமரம் வரும் பாருங்க, அங்கேருந்து சத்தமே இல்லங்க. கதவுல நீங்க மாத்துன ரப்பரு, நீங்க தேச்ச கீலு... ஒரு கடகடா இல்ல. பூங்கோத தூங்கிடறா.

நந்தகுமார்: தூங்கிடறாளா?

பக்கிரி: ரோட்டுல நின்னு கேட்டிருக்கன் சாரு. நெசமாத்தான்.

இளமதி: வாங்க, ஏறுங்க. பாலக்கர வரைக்கும் நீங்களே ஓட்டிப் பாருங்க. நான் பக்கத்துல ஒக்காரறன்.

நந்தகுமார்: வேணாம். வந்து... அவங்க வந்துகிட்டு இருக்காங்க. வித்துடறதுதான் நல்லது.

இளமதி: இன்னுமா? அதான் ஒழுவலியே. இன்னும் என்னா கொற அதுக்கு?

நந்தகுமார்: அதுக்கு ஒண்ணும் இல்ல.

இளமதி: அப்பறம்?

நந்தகுமார்: எனக்கு லைசென்சு இல்ல இளமதி. எடுத்துட்டன்னு உங்கிட்ட பொய் சொன்னன். நாலு தடவ போனன். நாலு தடவயும் ஃபெயிலு. எதுக்க லாரி வந்தா ஸ்டீரிங்க வுட்டுட்டு கண்ண மூடிக்கறன். ரிவர்ஸுன்னா எது எடது எது வலதுன்னே தெரியல. வண்டியில ஏதாச்சும் கோளாறு இருக்கற வரைக்கும் யாரும் ஏன் ஓட்டலன்னு கேக்க மாட்டாங்க. பெட்ரோலு கொறஞ்சப்ப உள்ளுக்குள்ள எனக்கு ஒரு நிம்மதி கூட இருந்துச்சி. இப்ப ஒரு கோளாறும் இல்லன்னா... எப்டி வெளிய தல காட்டுவன்?

இளமதி: தெரியும்.

நந்தகுமார்: என்னா தெரியும்?

இளமதி: மொதல்ல அவருக்குப் போனப் போடுங்க. விக்கலன்னு சொல்லுங்க.

நந்தகுமார்: அலோ... அண்ணே, நாந்தான். எங்க, பாதி வழியிலயா? அண்ணே, வண்டி... விக்கல அண்ணே. மன்னிச்சிக்குங்க. இல்ல, ஒழுவறது நின்னு போச்சி. மெக்கானிக்கு இல்ல... எங்க வூட்லதான் சரி பண்ணாங்க. ஆமா. வைக்கறன்.

பக்கிரி: நான் கேபிள எடுத்துட்டு வரன் சாரு.

நந்தகுமார்: போய்யா. போயி எடுத்துட்டு வா. இளமதி, இப்ப சொல்லு. நான் யார்கிட்டயும் மூச்சு வுடல. டிரைவிங் ஸ்கூல்காரன் கூட வெளியூரு. உனக்கு எப்டித் தெரியும்?

இளமதி: ஆடிப்பெருக்கு கழிச்சி வந்த திங்கக்கெழம. நாலாவது டெஸ்ட்டு. ரிவர்ஸு எடுக்கறப்ப பின்னாடி நட்டிருந்த கொம்ப சாச்சிட்டு எறங்குனீங்க. யாரயும் நிமுந்து பாக்காம டீக்கட பக்கம் போனீங்க. நான் முந்தானைய தலையில இழுத்துப் போட்டுகிட்டு வரிசையில நின்னன். அந்தக் கொம்பத் தூக்கி மறுபடியும் நட்டுட்டு, அடுத்ததா வண்டியில ஏறுனது நாந்தாங்க.