செத்தவீட்டுக்குத் தாங்கின சேர்வர்

பருத்தித்துறைப் பேருந்து புத்தூரைத் தாண்டும்போது, முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள்:

“ஆராவது செத்தால்தான் எங்கடை ஊர்ச்சங்க வெப்சைற்றுக்குச் சனம் வரும். மற்ற நாளிலை ஈ காக்காயும் இல்லை.”

“ஓம், மரண அறிவித்தல் பாக்கத்தானே வருவினம்.”

“போனமுறை கனடா, லண்டனிலை இருக்கிற சனமெல்லாம் ஒரே நேரத்திலை திறக்க, வெப்சைற்றை ஓட்டுற சேர்வர் கொம்பியூட்டர் படுத்திட்டுது. ஒரு பேத்திக்குப் பிரேதம் எடுக்கிற நேரம் தெரியாமல், வீடியோவிலை முகம் பாக்கக் கிடைக்கேல்லை. வெப்சைற்றைப் பாக்கிறது நான் எண்டு என்னைத்தான் ஏசினவை. அதுதான் சேர்வரை மாத்தினனான்.”

“பெரிசா எடுத்தனியோ?”

“இல்லை, சின்னன். பழையது ஆக்கள் கேக்கக் கேக்கப் பக்கத்தைப் புதுசாச் சமைச்சுக் குடுத்தது. இது ஒருக்காச் சமைச்சதையே எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கும்.”

“தாங்குமோ?”

“போன கிழமை என்ரை பெரியப்பா செத்தவரெல்லே. அவருக்கு எல்லா நாட்டிலையும் ஆக்கள். அறிவித்தலைப் போட்டிட்டு, அறைக்குள்ளை போனையே பாத்துக்கொண்டு இருந்தனான். எல்லாரும் ஒண்டாத் திறந்தும் சேர்வர் படுக்கேல்லை.”

“பிறகு?”

“பிறகுதான் வெளியிலை வந்து பெரியப்பாவின்ரை பிரேதத்துக்குப் பக்கத்திலை இருந்தன். அவசரமில்லாமல் ஆறுதலா அழுதன்.”